மண்வெட்டி இன்னும் குழிக்குள்தான் கிடக்கிறது

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. மாரிக்கு முன் கூரை ஏற்றிவிட வேண்டும் என்று நிலாவெளி வீதி நெடுகக் கட்டட வேலை மும்முரமாகும் காலம் இது. 30 வருடம் மேசன் வேலை செய்தவன் நான். முழங்கால் இடம் கொடுக்காததால் இப்போது வீட்டோடு இருக்கிறேன். ஆனாலும் சைக்கிளில் போகும்போது கண் வேலை நடக்கும் இடங்களுக்குத்தான் போகிறது. பார்த்தால் வயிறு கலங்குகிறது.

பெரிய ஹோட்டல் வேலைகளைச் சொல்லவில்லை. அங்கே வாசலிலேயே ஹெல்மெட் கொடுப்பார்கள். எனக்குப் பயம் நம்முடைய வீட்டு வேலைகளில்தான். ஒரு மேசன், இரண்டு கையாள், காலில் செருப்பு, அவ்வளவுதான்.

மலக்குழி வெட்டுவதைப் பாருங்கள். நம் கரையோரம் முழுக்க மணல். ஏழெட்டு அடி வெட்டினாலும் காலையில் சுவர் போல நிற்கும், ஈரம் இருப்பதால். பத்து மணி வெயிலுக்கு ஓரம் காய்ந்து பொலபொலவென்று உதிரும். அப்போதே ஏறிவிட வேண்டும். ஒரு கன மீற்றர் மணல் ஒன்றரைத் தொன் வரும். நெஞ்சுவரை மூடினால், தலை வெளியே இருந்தாலும் மூச்சு எடுக்க முடியாது. நாங்களோ வெட்டிய மண்ணைக் குழி விளிம்பிலேயே குவித்து அந்தப் பாரத்தையும் ஏற்றுகிறோம். உப்புவெளிப் பக்கம் ஒரு வீட்டில் என்னோடு நின்ற தம்பி தேத்தண்ணிக்கு மேலே ஏறினான். கிளாஸை வாயில் வைக்கவில்லை, குழி மூடிக்கொண்டது. அவனுடைய மண்வெட்டி இன்னும் அதற்குள்தான் கிடக்கிறது. வீட்டுக்காரர் கேட்டது, ‘அப்ப இண்டைக்கு வேலை முடியாதோ?’ என்று. ஓரத்தைச் சரிவாக வெட்டி, பலகை அண்டக் கொடுத்து, மண்ணைத் தள்ளிக் கொட்டியிருந்தால் அரை நாள்தான் கூடியிருக்கும்.

மேல்மாடி வேலையில் 20 அடிக் கம்பியைத் தூக்கித் திருப்பும்போது வீதி மின்கம்பியை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சாரம் கட்டுவதும் அப்படித்தான்: உக்கின கயிறு, ஒற்றைப் பலகை. உடுத்த சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு இந்தச் சாரத்தில் ஏறி, கச்சான் தள்ளி ஒருமுறை விழுந்தேன். ஆறு கிழமை படுக்கை. கொந்தராத்துக்காரர் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்து பார்த்தார். சரி, அந்த மட்டில் வந்தாரே.

1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கட்டட ஒப்பந்த வேலைக்கும் பொருந்தும் என்பதும், மூன்று நாளுக்கு மேல் ஒருவரை வேலை செய்ய முடியாமல் ஆக்கும் விபத்தை அறிவிக்க வேண்டும் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். 1934இலேயே நட்டஈட்டுச் சட்டமும் வந்துவிட்டது. கையாள் பொடியன்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டு வரைபட அனுமதிக்கு வரும் உத்தியோகத்தர் வீதிக்கு எத்தனை அடி விட்டிருக்கிறது என்று நாடா பிடித்து அளக்கிறார். மின்கம்பி எவ்வளவு கிட்டப் போகிறது, குழியை எப்படி வெட்டப் போகிறார்கள் என்று அதே தாளில் இரண்டு வரி கேட்டால் என்ன? சபை உறுப்பினர் யாராவது இதைப் படித்தால் அடுத்த கூட்டத்தில் எடுக்கட்டும்.

ஒரு பழைய மேசன்,
சாம்பல்தீவு, திருகோணமலை.