ரத்தத்தைப் பார்க்காமல் டப்பாவைத் திறக்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவில் இருந்த டப்பாக்களின் லேபிளைப் பெரிதாக்கிப் படித்தேன். அஸ்வகந்தா, மஞ்சள் சத்து, பயோட்டின், இன்னும் வாயில் நுழையாத பெயர்கள். விலையைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன், அது உன் சம்பாத்தியம். ஆனால் உன் அசதிக்கும் தலைவலிக்கும் இதுதான் தீர்வு என்று நம்பிக்கொண்டு இருக்கிறாயே, அதைத்தான் என்னால் சும்மா விட முடியவில்லை.

நீ சொன்னதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார். தலைவலிக்கு வாரத்தில் நாலைந்து நாள் மாத்திரை, அது வயிற்றை எரிக்கிறது என்று தினமும் காலையில் ஒரு கேஸ் மாத்திரை, அசதி தாங்காமல் சாயங்காலமும் காபி, காபியால் நடுராத்திரி வரை தூக்கம் இல்லை, தூக்கம் கெட்டால் மறுநாள் மறுபடியும் தலைவலி. இது தனித்தனி வியாதி இல்லை பாப்பா, ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு வருகிறது. வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கும், சிலருக்கு அங்கே கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசிந்து இரும்புச்சத்தும் கூடவே போகும். கேஸ் மாத்திரை அமிலத்தைக் குறைக்கிறது, சரி, எரிச்சல் அடங்குகிறது. ஆனால் சாப்பாட்டில் இருக்கும் இரும்பும் பி12-உம் உடம்பில் சேர அந்த அமிலம் வேண்டுமே. நீ கறி, மீன், முட்டை எல்லாவற்றையும் விட்டுவிட்டாய். பி12 கீரையிலும் கிடையாது, பருப்பிலும் கிடையாது. பாலிலும் தயிரிலும் இருக்கிறது, அதையும் நீ தொடுவதில்லை.

அப்புறம் அந்தத் தலைவலி மாத்திரை. இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை என்றால் மாதத்தில் 10 நாள், வெறும் பாராசிட்டமால் என்றால் 15 நாள், அந்த அளவில் மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். நரம்பு டாக்டரைப் பார்த்து நிறுத்து. முதல் சில நாள் வலி கூடத்தான் செய்யும், அதற்குப் பயந்து திரும்பவும் போட்டுவிடாதே. நீ போடுவதில் கோடீன், டிரமடால் மாதிரி அபின் வகை வலி மருந்து எதுவும் இருந்தால் நீயாக நிறுத்தவே கூடாது, டாக்டர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். உன் பெரிய மாமாவை மறந்துவிடாதே. யாரோ கொடுத்த மூலிகைப் பொடியை நம்பி ஒரே நாளில் குடியை நிறுத்தி, அடுத்த நாளே வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவருக்கு முதலில் ஏற்றியது தயமின், அதாவது பி1. நாள்பட்ட குடியில் அது வற்றிப்போகும், அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மூளைக்கே ஆபத்து. சத்து மருந்தாகாது என்று நான் சொல்லவே இல்லை. எது குறைகிறது என்று தெரிந்து கொடுத்தால் அது உயிரையே காப்பாற்றும்.

அதனால்தான் ரத்தத்தைப் பார் என்கிறேன். ரத்தப் பரிசோதனை லேபிலேயே வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள் சொல்கிறேன், ஹீமோகுளோபின் 12 இருக்கிறது என்று திருப்திப்பட்டுக்கொள்ளாதே. உடம்பு முதலில் சேமிப்பைத்தான் கரைக்கும், அதைக் காட்டுவது ஃபெரிட்டின். இரும்பு குறைந்த ரத்தத்தைச் சிலைடில் தேய்த்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், சிவப்பணு சின்னதாக, நடுவில் வெளுத்து, ஓரத்தில் மட்டும் வளையம் மாதிரி நிறம் தெரியும். பி12 குறைந்தால் அணு பெரிதாகும். இரண்டும் சேர்ந்து குறைந்தவர்களுக்குச் சின்னதும் பெரியதும் கலந்து கிடக்கும், மெஷின் சராசரி போட்டு நார்மல் என்று அடித்துக் கொடுத்துவிடும். அப்படி வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எல்லாம் மனசுதான் என்று டாக்டரே திருப்பி அனுப்பிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு, இந்த நாலும் வேண்டும். காய்ச்சல், சளி இருக்கும்போது போகாதே, ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும்.

அக்குபஞ்சர் பற்றிக் கேட்டாயே, தாராளமாகப் போ. அடிக்கடி வரும் தலைவலிக்கு அதை முயற்சி செய்யலாம் என்று பிரிட்டனில் டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் வெளியிடும் நைஸ் (NICE) அமைப்பே 2012-இல் சொன்னது. ஒற்றைத் தலைவலி என்றால் பி2, அதாவது ரைபோஃபிளேவின், தினம் 400 மில்லிகிராம் சிலருக்குப் பலன் தரும் என்றும் அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அதைச் சாப்பிட்டால் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும், பயப்படாதே. எண்ணெய் தேய்த்துக் குளி, சாயங்காலம் நட. அஸ்வகந்தா மட்டும் வேண்டாம், அதனால் ஈரல் பாதித்தவர்கள் உண்டு, தைராய்டிலும் கை வைக்கும். மஞ்சள் குழம்பில் போதும், அதை மாத்திரையாக்கி விழுங்கியவர்களுக்கும் ஈரல் கெட்டிருக்கிறது. வைட்டமின் டி குறைவு என்று வந்தால் 60,000 யூனிட் பாக்கெட்டை வாரம் ஒன்று என்றுதான் எழுதுவார்கள், சீக்கிரம் குணமாகட்டும் என்று தினமும் பிரித்துவிடாதே.

சாப்பாட்டோடு டீ, காபி வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு, இல்லாவிட்டால் இரும்பு சேராது. முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொள். ஊருக்கு வரும்போது மனசு மாறினால் சுவரொட்டி, அதாவது ஆட்டு மண்ணீரல், வாங்கி மிளகு போட்டு வறுத்துத் தருகிறேன், கட்டாயம் இல்லை.

டெஸ்டுக்குப் போவதற்கு முன் அந்த டப்பாக்களை ஓரமாக எடுத்து வை. பயோட்டின் உள்ளே இருந்தால் தைராய்டு ரிசல்ட்டே தப்பாக வரும், இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். பி12-உம் ஏற்கெனவே விழுங்கியிருந்தால் அளவு கூடக் காட்டும், குறை தெரியாது. லேபில் ரத்தம் எடுப்பவரிடம் என்னென்ன சாப்பிட்டாய் என்று மறைக்காமல் சொல். ரிப்போர்ட் வந்ததும் எல்லாப் பக்கத்தையும் அனுப்பு, கடைசிப் பக்கம் மட்டும் போதாது.

அம்மா