ஒரே ஆளை இரண்டு சைட்டுக்கு அனுப்ப முடியாதுடி

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்தது. அம்மா முட்டி வலி குறைந்து கோயிலுக்கு நடந்தே போய் வருகிறார்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் கருப்பூரில், நாம் படித்த அதே கல்லூரியில் சிவில் சேர்ந்திருக்கிறாள். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு ஊர் தயாராகிக்கொண்டிருக்கிறது.

உன் சைட் விஷயத்துக்கு வருகிறேன். வேலை அட்டவணை போடும் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டில், ஒரே ஆள் மேல் ஒரே நேரத்தில் விழும் வேலைகளைப் பிரித்து வைக்கும் 'லெவல் ஆல்' பட்டனை அழுத்தியதும் டிசம்பரில் முடிய வேண்டிய வேலை மார்ச்சுக்குப் போய்விட்டது, மேனேஜர் சத்தம் போடுகிறார் என்று எழுதியிருந்தாய். பதறாதே. 'க்ளியர் லெவலிங்' கொடுத்தால் அது தள்ளி வைத்ததெல்லாம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த மார்ச் தேதியைக் கொஞ்சம் உற்றுப் பார். லெவலிங்குக்குத் தெரிந்தது இரண்டே காரியம்தான். வேலையைத் தள்ளிப்போடும், இல்லாவிட்டால் நடுவில் துண்டாக்கி மிச்சத்தைத் தள்ளிப்போடும். ஆளை மாற்றாது, இன்னொரு ஆள் வேண்டும் என்று கேட்காது. இருக்கிற ஆட்களை வைத்துக்கொண்டு எப்போது முடியும் என்பதற்குக் கிட்டத்தட்டச் சரியான பதில் அந்த மார்ச். டிசம்பர் என்பது ஆள் கணக்கே பார்க்காமல் வந்த தேதி. அந்த டிசம்பரைத் தந்த கிரிட்டிக்கல் பாத் கணக்கு 1950-களின் கடைசியில் டூபாண்ட் கம்பெனியில் உருவான நாளிலிருந்தே எதற்குப் பிறகு எது, எத்தனை நாள் என்பதுதான் அதன் அடிப்படை. ஒரே மனிதன் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறதா என்று அதுவாகப் பார்க்காது.

எங்கள் கதையைக் கேள். ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறோம். இங்கே ஐந்து ரோடு பக்கம் ஒரு கல்யாண மண்டபம். இரண்டுக்கும் எலெக்ட்ரீஷியன் அண்ணன் ஒருவர்தான். சைட்டுக்கு ஒரு ஃபைல் என்று தனித்தனியாக இருந்தவரை இரண்டிலும் அவர் ஓய்வாக இருப்பதுபோல்தான் தெரிந்தது. இரண்டையும் ஒரே ரிசோர்ஸ் பூலில், அதாவது பொதுவான ஆள் பட்டியலில், இணைத்த பிறகுதான் அவர் பெயர் சிவப்பானது. ஒரு ஆளால் முடிகிறதைவிட அதிக வேலை விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு புதன்கிழமையை மட்டும் சொல்கிறேன். காலை ஒன்பது மணிக்கு மண்டபத்தில் பேனல் போர்டு, 4 மணி நேரம். அதே ஒன்பது மணிக்குப் பங்களாவில் பைப் பதிக்கும் வேலை, 4 மணி நேரம். அன்றைய கூட்டுத்தொகை 8 மணி. லெவலிங்கில் 'டே பை டே' என்றுதான் ஆரம்பத்திலிருந்தே வைத்திருப்பார்கள். அது அந்த நாளின் மொத்தத்தை மட்டும் பார்க்கும். 8 சரியாக இருப்பதால் அந்த நாளைத் தொடவே தொடாது. அதை 'ஹவர் பை ஹவர்' ஆக்கி, எல்லோரையும் கலைக்காமல் அவர் ஒருவருக்கு மட்டும் 'லெவல் ரிசோர்ஸ்' கொடுத்தால் ஒரு வேலை மத்தியானத்துக்கு நகரும். அதுவும் போதாது. நடுவில் மலை இருக்கிறதே! சுமார் 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவு. கருவிப் பையோடு பைக்கில் ஏறிப் போகிறவருக்கு அந்த நேரமும் வேலை நேரம்தான், நமக்குத்தான் அது கட்டத்தில் தெரிவதில்லை.

அதனால் மலை வேலைகளுக்கென்று தனி டாஸ்க் காலண்டர் போட்டேன்: திங்கள் முதல் புதன் வரை மட்டும். மண்டப வேலைகளுக்கு வியாழன் முதல் சனி வரை. அவர் மலையில் தங்கி முழு நாளும் வேலை பார்க்கிறார். இப்போது லெவலிங் எதைத் தள்ளினாலும் அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. உனக்கும் மெயின் சைட்டிலிருந்து குடோனுக்கு ஆள் ஓடுகிறார்கள் என்றாய், இதைச் செய்துபார்.

அடுத்தது, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்: முதல் தடவை 'ஸ்லாக்குக்குள் மட்டும் லெவல் செய்' என்பதை டிக் செய்துவிட்டு ஓட்டு. ஸ்லாக் என்றால் தளர்வு, முடிவுத் தேதியைத் தொடாமல் ஒரு வேலை தள்ளிப்போகக்கூடிய இடைவெளி. முடிவுத் தேதி நகராது. தளர்வு இருக்கிற வேலைகளை மட்டும் நகர்த்திவிட்டு, முடியாத இடத்தில் முடியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அப்படி மிஞ்சும் சிவப்புதான் நீ மேனேஜரோடு உட்கார்ந்து பேச வேண்டிய இடம். அங்கேதான் இன்னொரு ஆள் வேண்டுமா, ஓனரிடம் நாள் கேட்பதா என்ற முடிவு. மொத்த ஷெட்யூலையும் அவர் முன்னால் விரித்தால் யாருக்கும் ஒன்றும் புரியாது.

நகரவே கூடாத வேலைகளுக்கு, மின் இணைப்பு ஆய்வு போல, ப்ரையாரிட்டி 1000 கொடு. சாதாரணமாக 500 இருக்கும். 1000 என்றால் லெவலிங் அதைத் தொடாது. எல்லாவற்றுக்கும் 1000 கொடுத்துவிடாதே.

சித்தாள், ஹெல்பர் கணக்கு ஏற்காட்டில் வேறு மாதிரி. கார்த்திகை, மார்கழியில் காப்பிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிட்டால் எஸ்டேட்டுக்குப் போய்விடுவார்கள். கூப்பிட்டாலும் வர மாட்டார்கள், அது அவர்களுக்கு வருஷத்து வருமானம். ரிசோர்ஸ் விவரத்தில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எத்தனை யூனிட் என்று எழுத ஒரு அட்டவணை உண்டு. ஒரு முழு ஆளுக்கு 100 என்பது கணக்கு. நவம்பர் வரை 600, பிறகு 200, அதாவது ஆறு பேர், பிறகு இரண்டு பேர் என்று போட்டிருக்கிறேன். ஆடிப் பண்டிகை லீவும் அவரவர் காலண்டரில் ஏறிவிட்டது.

ஒன்றை மட்டும் செய்யாதேடி. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில், சிவப்பு வந்தால் அந்த ஆளின் மேக்ஸ் யூனிட்ஸை 150 ஆக்கி, ஒருவரையே ஒன்றரை ஆளாகக் கணக்கு காட்டிவிடுவார்கள். திரை சுத்தமாகிவிடும். அந்த மனிதன் இரவு பத்து மணிக்கு ஏணி மேல் நின்று வயரைப் பிடித்துக்கொண்டிருப்பார். 1996-ஆம் வருஷத்துக் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றது. அங்கே பணமும் வரவில்லை, தூக்கமும் இல்லை. எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது. எப்போதும் சிவப்பாவது யார் என்று பார், நன்றாக வேலை தெரிந்தவர்தான். எல்லோரும் அவரையே கேட்பார்கள். அவர் முடியாது என்று சொல்லத் தெரியாதவராகவும் இருப்பார். அவருடைய சிவப்பை நாம்தான் அவருக்காகப் படித்துச் சொல்ல வேண்டும்.

எங்கள் அண்ணனோடு இப்போது ஒரு பையனைச் சேர்த்திருக்கிறேன், ஐ.டி.ஐ. முடித்தவன். பைப் பதிப்பதும் வயர் இழுப்பதும் இனி அவன் பெயரில். டெஸ்டிங் மட்டும் அண்ணன். இதை எந்தப் பட்டனும் செய்யாது, அண்ணனிடமே கேட்டுத்தான் பிரித்தேன். எதை விட்டுக்கொடுக்கலாம், எதைக் கூடாது என்று அவருக்குத்தான் தெரிந்தது.

உன் ஃபைலை லெவல் செய்யாத நிலையில் அனுப்பு. கூடவே உன் வெல்டர்கள் இரண்டு பேரின் லீவு தேதிகளையும், யாருக்கு எந்த வேலை வரும் என்பதையும் எழுதி அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துவிட்டு ஃபோன் பண்ணுகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் கருப்பூர்த் தோழி