காக்கிச் சட்டைப் படம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆகஸ்ட் பிறந்தால் வியாசர்பாடி, எண்ணூர்ப் பக்கம் பர்மாவிலிருந்து வந்து குடியேறிய வீடுகளில் "எங்க தாத்தா நேதாஜி படையில இருந்தவர்" என்ற பேச்சு எழும். மலேயா தோட்டங்களிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் 1943-க்குப் பிறகு அந்தப் படையில், அதாவது ஐ.என்.ஏ. என்ற இந்திய தேசிய ராணுவத்தில், திரளாகச் சேர்ந்தவர்கள்தாம். ஆனால் பேரப்பிள்ளைகள் பெட்டியிலிருக்கும் காக்கிச் சட்டைப் படத்தோடு நேரே 1943-க்குத் தாவுகிறார்கள். ஆள் மாறிப்போவது அங்கேதான்.

உங்கள் பிறப்புச் சான்றிலிருந்து ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னே போங்கள். அப்பாவின் பள்ளிச் சான்றிதழ், தாத்தாவின் இறப்புச் சான்று, 1964-ஐ ஒட்டிக் கப்பலேறியபோது கிடைத்த பயணத் தாள்கள் எல்லாவற்றிலும் தகப்பன் பெயரும் வயதும் பொருந்த வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தலைப்பெழுத்தை விட்டால் நூறு முத்துசாமிகள்.

அடுத்து, தாத்தா முன்பே பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஜப்பானியரிடம் பிடிபட்டவரா, தோட்டத்திலிருந்து நேரே சேர்ந்தவரா என்று கேளுங்கள். முதல் வகையினருக்குப் பழைய ரெஜிமெண்டின் பதிவு அலுவலகத்தில் தேடலாம். இரண்டாம் வகையினருக்கு அங்கே ஒன்றும் இராது. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் 'அபிலேக் படல்' தளத்தில் ஐ.என்.ஏ. கோப்புகளைப் பாருங்கள். பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாகத் தட்டுங்கள். 'சாமி' ஐ-யில் முடிகிறதா ஒய்-யில் முடிகிறதா என்பதிலேயே கோப்பு தப்பிவிடும். வீட்டுப் பெரியவர்கள் வாயில் ஜிகர்கச்சா, நீல்கஞ்ச் என்ற பெயர்கள் வந்தால் உடனே குறித்துக்கொள்ளுங்கள், வங்காளத்தில் ஐ.என்.ஏ. கைதிகளை அடைத்த முகாம்கள் அவை.

ஓய்வூதியக் கோப்பு இல்லையே என்று மனம் விட வேண்டாம். 1972-இல் தொடங்கிய மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டம் பொதுவாக 6 மாதச் சிறைவாசம் கேட்டது. மலேயாவிலேயே படை கலைந்து வீடு திரும்பியவர்கள் அதில் எப்படி வருவார்கள்? அதேபோல, ஐ.என்.ஏ.வுக்குத் துணைநின்ற பொதுமக்கள் அமைப்பான இந்திய சுதந்திர லீக்கின் நன்கொடை ரசீது படைவீரர் என்பதற்குச் சான்றாகாது. ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில்பாதைக்குக் கூலி வேலைக்காகக் கொண்டுபோகப்பட்டவரையும் படைவீரராக எழுதிவிடுகிறார்கள். அவர் பட்ட பாடு வேறு, அதை அதன் பெயரிலேயே எழுதுங்கள்.

கிடைத்த தாளை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் பழைய மை மங்கும், பிறகு பிரிக்கவும் முடியாது. இரு பக்கமும் படமெடுங்கள். முத்திரையும் எண்ணும் பல தாள்களில் பின்பக்கம்தான் இருக்கும்.

வாசகர்,
வியாசர்பாடி, சென்னை-39