‘பரிசீலிக்கப்படும்’ – ஓய்வுபெற்ற தலைமையாசிரியைக்கு ஒரு கடிதம்

டீச்சர்,

சாவிக்கொத்தையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் ஒப்படைத்துவிட்டு நீங்கள் படியிறங்கிப் போய் இந்த மே 31ஓடு ஒரு வருடம். போன வாரம் நானும் பள்ளிக் குழுவின் செயலர் பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கல்வி முகமைக்கு, அதாவது பள்ளியை நடத்தும் அமைப்புக்கு, எழுதிக் கொடுத்துவிட்டேன். அதே உறைக்குள் இன்னொரு தாளும் இருக்கிறது. பள்ளிக் குழுவில் முகமை நியமிக்க வேண்டிய ஒரு இடத்துக்கு உங்கள் பெயரைப் பரிந்துரைத்திருக்கிறேன். உங்களைக் கேட்கவில்லை. போன் செய்தால் எடுக்க மாட்டீர்கள். வீட்டுக்கு வந்தால் காபி கொடுத்து, மழை பற்றிப் பேசி, அனுப்பிவிடுவீர்கள்.

பழைய மாணவிகளும் குழுவில் இருக்கிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். அதனால் ஊரும் இல்லை, பேரும் இல்லை. நான் சட்டென்று நிறுத்துகிற இடங்களில் மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தாழ்ப்பாள் விஷயம்.

2018 ஆகஸ்ட் கூட்டம். பள்ளியின் நூற்றாண்டு நுழைவாயில் வளைவுக்கான தீர்மானம் முடிந்து காராசேவுத் தட்டு சுற்றி வந்துகொண்டிருந்தது. செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த அதை மேசை நடுவில் பிரித்து வைத்தீர்கள். நாலு அங்குல அலுமினியத் தாழ்ப்பாள், கம்பி வளைந்திருந்தது. திருகாணிகளில் ஊறிப்போன பிளைவுட் துணுக்கு ஒட்டியிருந்தது. பொருளாளர் தன் டபராவைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். “காலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளை உள்ளே இருக்கும்போது இது கையோடு வந்துவிட்டது. இப்போதெல்லாம் ஜோடியாகத்தான் போகிறார்கள், ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்” என்றீர்கள். குரல் உயரவே இல்லை. பிறகு கணக்குச் சொன்னீர்கள்.

860 பிள்ளைகள், 18 கழிப்பறைகள். இரண்டில் துடைப்பமும் பினாயிலும். ஐந்தில் தாழ்ப்பாள் இல்லை. மிச்சம் 11. சுடிதார், துப்பட்டா, கை கழுவுவது எல்லாம் சேர்த்து ஒருத்திக்கு இரண்டரை நிமிடம். 10 நிமிட இடைவேளையில் அறைக்கு நாலு பேர் வீதம் 44 பேர். 40 நிமிடச் சாப்பாட்டு இடைவேளையில் 176. பிற்பகலில் இன்னொரு 44. ஒரு நாளைக்கு 264 பேர். “மீதி 596 பேரும் சாயங்காலம் வரை அடக்கிக்கொள்கிறார்கள், சார்.”

நான் மினிட்ஸ் புக்கில் எழுதியது ஒரே வரி: ‘கழிப்பறைப் பராமரிப்பு குறித்துத் தலைமையாசிரியை தெரிவித்த கருத்து பரிசீலிக்கப்படும்.’

அந்த வரிக்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கூட்டம் நடப்பது கூட்டத்தில் அல்ல. முந்தைய ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டில் அஜெண்டா எழுதும்போதே பாதி முடிந்துவிடும். வளைவை இரண்டாம் பொருளாகப் போட்டோம். நீங்கள் எழுதிக் கொடுத்திருந்ததைக் கடைசியில், ‘தலைவரின் அனுமதியுடன் பிற பொருள்கள்’ என்பதற்குள் தள்ளியது நான். அங்கே வருவதைப் பேசலாம். ஆனால் முன்னறிவிப்பில் இல்லாத செலவுக்குத் தீர்மானம் போடக்கூடாது என்று ஆடிட்டர் சொல்வார் என்பது எனக்கு அன்றே தெரியும். சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த இடத்தில் உங்கள் கணக்கு செத்துவிட்டது. நீங்கள் தாழ்ப்பாளைத் திரும்ப அதே தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனீர்கள்.

மன்னித்துவிடுங்கள் என்று எழுத உட்கார்ந்தால் பேனா எங்கள் பக்க நியாயத்தைச் சொல்லவே இழுக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்போது நடப்பில் இருந்த 1973ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், 18ஆவது பிரிவு. பள்ளிக் குழுவுக்குப் பொது நிர்வாகம் உண்டு, ஆசிரியர் நியமனம் உண்டு, ஒழுங்கு நடவடிக்கை உண்டு. பள்ளியின் சொத்தும் நிதியும் அதில் சேராது என்று அந்தப் பிரிவே சொன்னது. நம் மாதிரி உதவிபெறும் பள்ளியில் சம்பளம் அரசிடமிருந்து வருகிறது, கட்டடத்துக்கான பணம் முகமையிடம் இருக்கிறது. நடுவில் இருக்கும் குழுவால் ஒரு கதவு மாற்றக்கூட நேரடியாகக் காசு எடுக்க முடியாது. வளைவுக்கு வந்த 11 லட்சமோ, ‘நூற்றாண்டு நுழைவாயிலுக்கு மட்டும்’ என்று எழுதிக் கொடுத்த நன்கொடை. அதை வேறு செலவுக்குத் திருப்பினால் தணிக்கையில் மாட்டும். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஆனால் அந்த நன்கொடையாளருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அவர் அம்மா நம் பள்ளியில் படித்தவர். ‘உங்கள் அம்மா பெயரில் பத்துக் கழிப்பறை’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. கேட்கவில்லை. கல்வெட்டில் பெயர் வைக்கக் கழிப்பறை பொருத்தமில்லை என்று தலைவர் வீட்டுத் திண்ணையில் நாங்களே முடிவு செய்துவிட்டோம்.

குழுவில் உட்காருகிறவர்களைக் கெட்டவர்கள் என்று நீங்கள் நினைத்தால் அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிலம் கொடுத்த குடும்பத்தின் பேரன், ஜவுளிக்கடைக்காரர், ஆடிட்டர், ஓய்வுபெற்ற தாசில்தார், டாக்டர். ஒருவரும் ஒரு பைசா எடுத்ததில்லை. 2004 ஜூலை 16க்குப் பிறகு, கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோன பிறகு, கட்டட உறுதிச் சான்று, உரிமம், தீயணைப்புத் துறைத் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று நாலையும் ஒரு நாள் தவறாமல் புதுப்பித்தார் அந்தத் தாசில்தார். கூரைக் கொட்டகையை அதே மாதம் பிரித்துப் போட்டார்கள். தீ என்றால் இவர்களுக்குப் புரிகிறது. சுகாதாரச் சான்றுக்கு வந்தவர் கதவுகளை எண்ணிப் பதினெட்டு என்று எழுதிக்கொண்டு போனார். திறந்து பார்க்கவில்லை. நாங்களும் பார்த்ததில்லை. பெண்கள் பள்ளிக் கழிப்பறைப் பக்கம் ஆண்கள் போகக்கூடாது என்பது மரியாதைதான். குழுவின் பதினோரு பேரில் ஒன்பது ஆண்களை வைத்துக்கொண்டு அந்த மரியாதையைக் காப்பாற்றினால் அந்தப் பக்கத்தை யாருமே பார்க்க மாட்டார்கள்.

கூட்ட நேரமும் அப்படித்தான். மாலை 5 மணி, அல்லது சனிக்கிழமை. கடைக்காரருக்கும் டாக்டருக்கும் அதுதான் தோது. முப்பது வருடம் குழுவில் இருந்தவர்கூடப் பள்ளியைப் பிள்ளைகள் இல்லாமல்தான் பார்த்திருக்கிறார். முற்றம் பெருக்கியிருக்கும், மணியடிக்காது, வேப்பமரத்தடியில் யாரும் இருக்க மாட்டார்கள். ‘எவ்வளவு அமைதியா, சுத்தமா வச்சிருக்காங்க’ என்று உங்களைப் பாராட்டியதெல்லாம் அந்த நேரத்துப் பள்ளியைப் பார்த்துத்தான்.

பிறகு ஆயாம்மாவை ஒரு வாரம் எண்ணச் சொன்னேன். உங்கள் கணக்கைவிட நிலைமை மோசம். பதினொன்றில் கடைசி மூன்றுக்குத் தண்ணீர் வருவதில்லை. மேல்தொட்டிக் குழாயிலிருந்துதான் தோட்டத்துக்கும் இணைப்பு. தோட்டக்காரர் 10.30க்குக் குழாயைத் திறப்பார், இடைவேளை 10.40க்கு. இத்தனை வருடத்தில் யாரும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி பகல்நேரப் பள்ளியில் 25 மாணவிகளுக்கு ஒரு கழிப்பறை. நமக்கு 35 வேண்டும். காலையில் நிரப்பிய பாட்டில் அப்படியே வீட்டுக்குத் திரும்புவதும், நாப்கின் மாற்ற வழியில்லாமல் மாதத்தில் இரண்டு நாள் லீவு போடுவதும் வருகைப் பதிவேட்டில் ‘வயிற்றுவலி’ என்று ஏறுகிறது. டாக்டர் உறுப்பினரின் கிளினிக்குக்கே சிறுநீர்த் தொற்று என்று நம் பிள்ளைகள் போயிருக்கிறார்கள். அவர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இப்போது என் கோபத்தைச் சொல்கிறேன். நீங்கள் சி.இ.ஓ. ஆபீசுக்கு, மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு, எழுதினீர்கள். எனக்கு நகல் இல்லை, ஒரு வார்த்தை இல்லை. ஆய்வுக்கு வந்தவர்கள் நேராக அந்தப் பக்கம் போனார்கள். நோட்டீஸ் செயலர் பெயருக்கு வந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணி நிர்ணயக் கோப்பைத் தூக்கிக்கொண்டு பதினைந்து வருடம் ஒவ்வொரு ஆகஸ்டும் உங்களுக்காக நான் அலைந்தேன். உபரி என்று சொல்லி உங்கள் கணக்கு டீச்சர் பணியிடத்தை எடுக்கப் பார்த்தபோது வாசலில் உட்கார்ந்து மீட்டுக்கொண்டு வந்தேன். அந்த ஆளிடம் ‘எழுதப்போகிறேன்’ என்று ஒரு தகவல் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதுதான் இன்னும் வலிக்கிறது.

இன்னொரு விஷயம். ஆண்டு, வகுப்பு எதுவும் எழுத மாட்டேன். ஒரு பிள்ளை உங்களிடம் வந்து சொன்ன அன்றே சாயங்காலம் நீங்கள் மகளிர் காவல் நிலையத்துக்குப் போய்விட்டீர்கள். ‘முதலில் நாம் விசாரித்திருக்கலாமே, குழு என்று எதற்கு இருக்கிறது’ என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். படிக்கிற குழு உறுப்பினர்களுக்காகச் சட்டத்தைச் சொல்கிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின் 19ஆவது பிரிவின்படி, குற்றம் பற்றித் தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். நிஜமா பொய்யா என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் பள்ளிக் குழுவுக்கு இல்லை. கீழே வேலை பார்க்கிறவர் செய்த குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் 21ஆவது பிரிவில் ஓராண்டு வரை சிறை. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்ளகக் குழு பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கானது, மாணவியின் புகாரை அதற்குள் போட்டு அமுக்க முடியாது. நம் குழுவில் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றென்றே நினைத்திருந்தார்கள். அன்று உங்களைப் பற்றிச் சொல்லப்பட்ட வாக்கியத்தை மினிட்ஸில் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டேன். உங்களுக்காகச் செய்தேன் என்றுதான் இவ்வளவு நாள் சொல்லிக்கொண்டேன். ஏறியிருந்தால் சொன்னவர் பெயரும் அல்லவா ஏறியிருக்கும். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

நோட்டீசுக்குப் பிறகு கழிப்பறை கட்டினோமே, அதிலும் கோட்டைவிட்டதை நீங்கள் கடைசி வருடத்தில் பார்த்தீர்கள். டைல்ஸ் போட்டோம், கண்ணாடி மாட்டினோம். கதவுக்கு உள்பக்கம் ஒரு கொக்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை. துப்பட்டாவையும் நாப்கினையும் கையில் பிடித்துக்கொண்டு எப்படித் தாழ்ப்பாள் போடுவாள்? மூடியுள்ள குப்பைக்கூடை ஒவ்வொரு அறைக்குள்ளும் இருக்க வேண்டும். நாங்கள் வெளியே பொதுவாக ஒன்று வைத்தோம், எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில். ஒருத்தியும் அதில் போடவில்லை, எல்லாம் பீங்கானுக்குள் போய்க் குழாய் அடைத்தது. நாப்கின் எரியூட்டி இயந்திரம் ஒரு சங்கம் தந்தது. ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஏற்றவில்லை. 15 ஆம்பியர் பிளக் வேண்டியதைச் சாதாரணப் பிளக்கில் சொருகினோம். மூன்றாம் வாரம் ஒயர் உருகியது. ஈரத்தோடு அள்ளிப் போட்டால் எரியாமல் புகையும் என்று ஆயாம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை. அந்த வருடமும் நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். கொக்கிக்கு மொத்தமே இரண்டாயிரம் ரூபாய்க்குள்தான் வரும். நான் என்ன எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் பிரிவு உபசார விழாவுக்கு நீங்களே வராதது சரியல்ல, டீச்சர். வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கி வைத்திருந்தோம். அதை இன்றும் பீரோவில் வைத்துக்கொண்டு குழு உங்களைக் குறை சொல்கிறது. பிள்ளைகள் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், ‘எச்.எம். டீச்சர் எப்போ வருவாங்க’ என்று.

வருவதாக இருந்தால் இதை மட்டும் கேளுங்கள். தலைமையாசிரியையாகப் பதவி வழி உட்கார்ந்தபோது உங்கள் கையெழுத்து வருகைப் பதிவில் கடைசியில் இருந்தது. இப்போது அப்படி இல்லை. எந்த விஷயத்தையும் அஜெண்டா போவதற்குப் பத்து நாள் முன்பே எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புதல் வாங்குங்கள். பொருள் எண் போட்டுத்தான் வர வேண்டும், ‘பிற பொருள்கள்’ என்றால் திருப்பி அனுப்புங்கள். மதிப்பீட்டுத் தாளையும் எந்த நிதியிலிருந்து என்பதையும் சேர்த்தே கொடுங்கள். பணம் முகமையுடையது என்று சொன்னால், ‘முகமைக்கு அனுப்பத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதச் சொல்லுங்கள், கோப்பு நகரும். ‘பரிசீலிக்கப்படும்’ என்று யார் எழுதினாலும் கையெழுத்துப் போடாதீர்கள். யார், எந்தத் தேதிக்குள், எவ்வளவு ரூபாயில் என்று எழுதினால் போடுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் உங்கள் எதிர்க்கருத்தைப் பெயரோடு பதிவு செய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அன்று நீங்கள் அதைக் கேட்டிருந்தால் நான் எழுதித்தான் ஆகியிருக்க வேண்டும். அப்படி ஒரு வழி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை.

சம்மதக் கடிதம் எனக்கு வேண்டாம், நேராக முகமைக்கு அனுப்புங்கள். முதல் கூட்டத்தை வேலை நாளில், காலை 10 மணிக்கு வைக்கச் சொல்லுங்கள். 10.40க்கு மணி அடித்ததும் ஒரு பத்து நிமிடம் எல்லாரையும் வராந்தாவில் நிற்க வையுங்கள். தோட்டக் குழாயை அன்று மூடச் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
முன்னாள் செயலர்