கோட்பாட்டுப் பாடத்தைக் கடைசி ஆண்டுக்குத் தள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மகளிர், பாலினக் கல்வியை மேஜராக, அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடமாக, எடுப்பது பற்றி உங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரை, அந்தப் படிப்பு எதற்கு என்ற கேள்வியோடு நின்றுவிட்டது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு, அதைத் தடங்கலின்றி முடிப்பது எப்படி என்று யாராவது சொல்ல வேண்டும்.

1970இல் சான் டியேகோவில் ஒரு கல்லூரியில் தொடங்கிய காலம் முதலே பல இடங்களில் இது சிறிய துறைதான். தனக்கென்று சில பேராசிரியர்களே இருப்பார்கள். மற்ற வகுப்புகளை வரலாறு, சமூகவியல், இலக்கியத் துறைகள் நடத்தும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட், அதாவது பாட அலகுகள், வேண்டும். அதில் மேஜருக்கு 30 முதல் 36 வரை, அதாவது பத்துப் பன்னிரண்டு வகுப்புகள். அறிமுகம், பெண்ணியக் கோட்பாடு, ஆய்வு முறைகள், இறுதியாண்டு ஆய்வு ஆகியவை பொதுவாகக் கட்டாயம். கோட்பாட்டுப் பாடம் பல துறைகளில் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கும். மூன்றாம் ஆண்டில் ஒரு செமஸ்டர் வெளிநாடு போகிறவர்கள் கோட்டைவிடுவது இதைத்தான். அதை முடிக்காதவர்களை இறுதி ஆய்வில் பதிவுசெய்யவே பல இடங்களில் கணினி விடாது. இரண்டாம் ஆண்டிலேயே எடுத்துவிடுவது நல்லது.

விருப்பப் பாடங்களில் வேறு வகைக் குழப்பம். ஒரே வகுப்பு வரலாற்றுக் குறியீட்டிலும் பாலினக் கல்விக் குறியீட்டிலும் இருக்கும். மாற்றிப் பதிந்தால் பட்டத் தேவைகள் முடிந்தனவா என்று பார்க்கும் கணினிப் பட்டியலான டிகிரி ஆடிட்டில் மேஜருக்குச் சேராமல் போகலாம். ‘சிறப்புத் தலைப்புகள்’ என்ற வகுப்பு இன்னும் மோசம். தலைப்பு வேறாக இருந்தும் பாட எண் ஒன்றே என்பதால், இரண்டாம் முறை எடுப்பதை மறுபடிப்பு என்று கணினி கருதிக் கிரெடிட்டை வெட்டிவிடலாம். பாடத்திட்ட நகலைச் சேமித்து வைத்திருந்தால் ஆலோசகர் மனு எழுதித் திருத்தித் தருவார். டபுள் மேஜர், அதாவது இரண்டு முதன்மைப் பாடங்கள், செய்கிறவர்கள், இரண்டுக்கும் பொதுவாக எத்தனை வகுப்புகளைக் கணக்கில் கொள்வார்கள் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

கோட்பாடு முன்னால் வர வேண்டும் என்பதற்கு, கிரெடிட்டைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ (பல பாகுபாடுகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவது) என்ற சொல்லை முன்னுரையில் ஒட்டிவைத்துவிட்டு ஆய்வில் அதைத் தொடாமலே போகும் கட்டுரைகள் ஏராளம். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் அந்தச் சொல்லை முன்வைத்தபோது எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீது கறுப்பினப் பெண்கள் ஐவர் தொடுத்த பாகுபாட்டு வழக்கு. அந்த நிறுவனம் 1964க்கு முன்பே பெண்களை வேலைக்கு எடுத்திருந்தது. ஆனால் அவர்கள் வெள்ளையினப் பெண்கள். பெண்களை எடுத்திருந்ததால் பாலினப் பாகுபாடு இல்லை என்ற நீதிமன்றம், கறுப்பினப் பெண்களைத் தனிப் பிரிவாகப் பார்க்கவும் மறுத்துவிட்டது. இனம், பாலினம் என்று தனித்தனியாக எண்ணினால் யார் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார் என்று தேடுவதுதான் அந்தச் சொல் கேட்கும் வேலை.

இறுதி ஆய்வுக்கு ‘ஊடகத்தில் பெண்கள்’ என்று தலைப்பு வைத்தால் ஒரு செமஸ்டரில் முடியாது. அதைச் சுருக்க ஒரு வழி: ஆண், பெண் என்று பிரித்து வேலை விளம்பரம் போடுவதைத் தடைசெய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இல் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நாளிதழை எடுத்து, 1970 முதல் 1976 வரை ஆண்டுதோறும் மார்ச் முதல் ஞாயிறன்று வந்த விளம்பரங்களை மட்டும் எண்ணினால் ஏழு இதழ்கள். அது கைக்கு அடங்கும் வேலை. பழைய நாளிதழ் என்பதால், மனிதர்களிடம் நடத்தும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் அனுமதி தேடவும் வேண்டியிருக்காது.

நேர்காணல்தான் வேண்டும் என்பவர்கள் முந்தைய செமஸ்டரிலேயே அந்தக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கேள்விப் பட்டியல், ஒப்புதல் படிவம், பதிவுகளை எங்கே வைத்து எப்போது அழிப்பது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். ஏதாவது விடுபட்டால் திருப்பி அனுப்புவார்கள், வாரங்கள் ஓடிவிடும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களிடம் பேசுவதாக இருந்தால் பொதுவாகப் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். அனுமதி வருவதற்கு முன் எடுத்த பேட்டியை, எவ்வளவு அருமையாக அமைந்திருந்தாலும், ஆய்வில் சேர்க்க விடமாட்டார்கள்.

இப்படிக்கு,
பாலினக் கல்வி கற்பிக்கும் ஆசிரியர்கள் இருவர்