விழுப்புரம் பேருந்து நிலையத்தில் என் தம்பியின் காப்பைப் படித்த அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை என்கிறான் தம்பி. தெரிந்தவர்கள் யாராவது இதை உங்களிடம் சேர்க்கட்டும்.

போன வியாழன் இரவு, திருவண்ணாமலை பஸ் நிற்கும் இடத்தில் வாந்தியெடுத்துச் சுருண்டு விழுந்தவன் அவன்தான். குடித்திருக்கிறான் என்று பலர் ஒதுங்கிப் போனார்களாம். நீங்கள்தான் கையைப் பிடித்து நாடி பார்த்து, அந்த எஃகுக் காப்பைத் திருப்பிப் படித்திருக்கிறீர்கள்: 'அடிசன் நோய். அவசரத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் 100 மி.கி. ஊசி.' கீழே என் போன் எண்.

இந்த நோயால், சிறுநீரகங்களுக்கு மேலே இருக்கும் அவனுடைய அட்ரினல் சுரப்பிகள், உயிர்வாழ அவசியமான கார்ட்டிசோல் என்ற ஹார்மோனைப் போதுமான அளவு சுரப்பதில்லை. அதற்கு ஈடாகத் தினமும் மாத்திரைதான். வாந்தியில் மாத்திரை தங்காமல் போனால் ரத்த அழுத்தம் சரியும், சோடியம் குறையும், சர்க்கரையும் இறங்கலாம். வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் போதாது. அந்த ஊசி உடனே வேண்டும். அபூர்வ மருந்தெல்லாம் இல்லை (ஆஸ்துமா முற்றினால் போடுவதும் இதைத்தான்). இவனுக்கு அது தேவை என்று யாருக்காவது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

108 ஆம்புலன்ஸ்காரரிடம் காப்பில் இருந்ததை வாசித்துக் காட்டினீர்களாம். அவசரப் பிரிவில் மறுபடியும். அங்கிருந்த போனில் என்னை அழைத்து, "பதறாம வாங்க, ஊசி போட்டாச்சு" என்றதும் நீங்கள்தான். நான் வந்து சேர்வதற்குள் கிளம்பிவிட்டீர்கள். கடைசி பஸ் கிடைத்ததா அக்கா?

தம்பி வீடு திரும்பிவிட்டான். உங்கள் பச்சை வயர் கூடை அவசரப் பிரிவிலேயே இருந்தது, எடுத்து வைத்திருக்கிறோம். உள்ளே என்ன இருந்தது என்று மட்டும் சொல்லுங்கள், வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறோம்.