இரண்டு பெட்டி மின்குமிழ்கள் பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை காலை திருகோணமலை மத்திய வீதியில் நம் கடை வாசலில் ஒரு அரசாங்க ஜீப் நின்றதைக் கண்டவர்கள் பலர். காணாதவர்களுக்கு அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் செய்தி வந்திருக்கும். நாற்பது விநாடிக் குரல் பதிவு ஒன்று ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. எனக்கே அதை ஐந்து பேர் அனுப்பிவிட்டார்கள், என் மைத்துனர் உட்பட. "மத்திய வீதியில அந்தக் கரண்ட் சாமான் கடையில போலிச் சாமான் பிடிபட்டுட்டுதாம், இனி அங்க போகாதீங்க" என்கிறது அது. பேசியவர் யார் என்று எனக்குத் தெரியும். அவர் வீட்டு விறாந்தையில் சுற்றும் ஃபேனும் எங்கள் கடையில் வாங்கியதுதான். அது இருக்கட்டும்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு அலுவலகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் கதைத்தார்கள். அலுமாரிகளைப் பார்த்தார்கள், கொள்வனவுப் பற்றுச்சீட்டுக் கோவையைக் கேட்டார்கள், கொடுத்தேன். பின்பக்க அறையில் இருந்த சி.எப்.எல். (கரண்ட் மிச்சம்பிடிக்கிற குழாய்க் குமிழ்) பெட்டிகள் இரண்டை எடுத்து, எண்ணி, எழுதி, என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு போனார்கள். மாதிரிகள் கொழும்புக்குப் போயிருக்கின்றன. ஒரு ஃபேனையோ, வயர்ச் சுருளையோ, பிளக்கையோ தொடவில்லை. கடையைப் பூட்டவும் இல்லை. அவர்கள் போன பத்தாவது நிமிடம் நான் ஒரு அயர்ன் விற்றேன்.

எனக்குச் சுடுவது "பிடிபட்டது" என்ற அந்தச் சொல்தான். களவு எடுத்தவன் பிடிபடுவான், கஞ்சா கடத்தியவன் பிடிபடுவான். எங்கள் பெட்டியில் இருந்த குறை, பொதியின் மேல் நட்சத்திர லேபிள், அதாவது குமிழ் எவ்வளவு சிக்கனம் என்று நட்சத்திரங்களால் காட்டும் லேபிள், அச்சிடப்படாதது. குமிழ் எரியாது என்றோ வெடிக்கும் என்றோ யாரும் சொல்லவில்லை. லேபிள் இல்லாதது வேறு, போலி வேறு. ஐயா, பிறப்புச் சான்றிதழ் தொலைந்த பிள்ளையைத் தத்தெடுத்த பிள்ளை என்று சொல்வீர்களா?

என் அப்பா ரேடியோ திருத்துகிற ஒற்றை மேசையோடு தொடங்கிய கடை இது. சுனாமிக்குப் பிறகு உப்புத் தண்ணீர் குடித்த மோட்டார்களை நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, வார்னிஷ் பூசி, காசு வாங்காமல் கொடுத்தோம். சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் சொல்லிக்காட்டத்தான்.

இனி அந்த லேபிளைப் பற்றி. சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை, கரண்ட் சிக்கனத்தைக் கவனிக்கிற அரச நிறுவனம். சி.எப்.எல். குமிழுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். நட்சத்திரம் கூடக் கூட, அதே வெளிச்சத்துக்குக் குறைந்த கரண்ட். நல்ல விஷயம். வாங்குகிறவர் குமிழை உடைத்தா உள்ளே பார்க்க முடியும்?

உப்புவெளியிலிருந்து வரும் ஒரு டீச்சர் போன மாதம் மின் பட்டியலை மேசையில் விரித்து, "தம்பி, 110 யூனிட் எப்படி வந்தது?" என்று கேட்டார். வீட்டில் இரண்டு பழைய சீலிங் ஃபேன். ஒவ்வொன்றும் 75 வாட். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் நம் ஊரில் யார் ஃபேனை நிறுத்துவார்கள்? நாளுக்கு 12 மணித்தியாலம் சுற்றினால் ஒரு ஃபேனுக்கே மாதம் 27 யூனிட். பி.எல்.டி.சி. மோட்டார் (குறைந்த கரண்டில் ஓடும் புதுவகை மோட்டார்) ஃபேன் என்றால் கிட்டத்தட்ட 30 வாட், மாதம் 11 யூனிட்டுக்குள். இரண்டையும் மாற்றினால் 32 யூனிட் மிச்சம். 110 யூனிட் 78க்கு இறங்கும். 90 என்ற கோட்டுக்குக் கீழே வந்தால் யூனிட் விலை மட்டுமல்ல, நிலையான கட்டணமும் ஒரு படி இறங்கும். 2022 ஓகஸ்ட்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் ஏறியபோது, இந்தக் கணக்கை எத்தனையோ பேருக்குப் பட்டியலின் பின்பக்கத்திலேயே எழுதிக்காட்டியிருக்கிறேன்.

அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவரில் அந்தப் பழைய சதுரப் பெட்டி ரெகுலேட்டர். மேலே கை வைத்தேன், இடியப்பத் தட்டுப் போலச் சூடு. ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் கரண்ட் மிச்சம் என்று டீச்சர் நினைத்திருக்கிறார். குறைத்ததில் ஒரு பங்கு அந்தப் பெட்டிக்குள் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. எலக்ட்ரோனிக் ரெகுலேட்டர் ஒன்று போட்டுக் கொடுத்தேன். இப்படிக் கரண்டை மிச்சம்பிடித்துக் கொடுக்கிற கடையைத்தான் அந்தக் குரல் பதிவு போலிக் கடை என்கிறது.

சிலர் கேட்கிறீர்கள்: "மாகாண சபைத் தலைமையகம் நம் ஊரில்தானே இருக்கிறது, அங்கே போய்க் கதைக்கலாமே?" போகலாம். ஆனால் அரசியலமைப்பின் 1987இன் 13ஆவது திருத்தத்தில் மின்சாரம் என்று மாகாணத்துக்குக் கிடைத்தது, தேசிய மின்கட்டமைப்புக்குப் போகாத உற்பத்தி பற்றிய சிறு பங்கு. நட்சத்திரமும் தரமும் கொழும்பின் அலுவல். அதோடு கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. யாரிடம் போய்க் கதைப்பது, கட்டிடத்திடமா?

இந்தியாவில் இதை வேறு மாதிரிச் செய்கிறார்கள். 2001ஆம் ஆண்டின் எரிசக்தி சேமிப்புச் சட்டம் டெல்லியின் சட்டம்தான். ஆனாலும் ஒவ்வொரு மாநிலமும் ஒரு முகமையை நியமித்து, அதைத் தன் மண்ணில் நடைமுறைப்படுத்த வேண்டும். தமிழ்நாட்டில் அது மின் ஆய்வுத் துறை, கேரளத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் எரிசக்தி மேலாண்மை மையம். சீலிங் ஃபேனுக்கு 2023 ஜனவரி முதல் அங்கே நட்சத்திரம் கட்டாயம். திருச்சியில் ஒரு கலியாணத்துக்குப் போனபோது ஒரு ஃபேன் கடைக்குள் நுழைந்து பார்த்தேன் (கலியாண வீட்டிலும் நான் ஃபேனைத்தான் பார்ப்பேன் என்பது என் மனைவியின் முறைப்பாடு). ஒவ்வொரு பெட்டியிலும் லேபிள் பளிச்சென்று இருந்தது. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. சந்தேகம் வந்தால் கேட்க, மாநிலத்துக்குள்ளேயே பொறுப்பான ஓர் இடம் இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு அப்படி ஒரு மேசை திருமலையில் இருந்திருந்தால், சாமானை இறக்குவதற்கு முன்பே பொதியைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். நடைபாதையில் படங்கு விரித்து விற்கிறவர்களிடமும், லொறியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு ஊர் ஊராக வருகிறவர்களிடமும் லேபிள் கேட்ட யாரையும் நான் கண்டதில்லை. பெயர்ப்பலகையும் வரி இலக்கமும் உள்ளவன் வாசலில்தான் ஜீப் நிற்கிறது.

இரண்டாவது பெட்டியில் லேபிள் இருந்தது. வந்தவர்களில் இளையவர் அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டினார். நட்சத்திரங்கள் அவர் விரலோடு வந்துவிட்டன. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரியிடம் முழு விலை கொடுத்து வாங்கியது அது. இப்போது அவர் தொலைபேசியை எடுப்பதில்லை. அதை நான் இங்கே பெரிதுபடுத்த விரும்பவில்லை.

இனி லேபிள் அச்சிட்ட, பதிவு உள்ள சாமான் மட்டும்தான் எங்கள் தட்டில் இருக்கும். அதனால் சில விலைகள் கொஞ்சம் ஏறும். மலிவுக் குமிழ் கேட்டு வருகிறவர்கள் கோபிக்க வேண்டாம்.

குரல் பதிவைக் கேட்ட பிறகும் வந்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. புதன்கிழமை காலை கடை திறக்கும்போது கிண்ணியாவிலிருந்து ஒரு நானா வந்து நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. தன் சாப்பாட்டுக் கடைக்கு ஆறு ஃபேன் வேண்டும் என்றார், காசை எண்ணி வைத்தார், தேநீர் குடித்துவிட்டுப் போனார். நிலாவெளியில் விடுதி நடத்தும் அக்கா, "தம்பி, நீ எழுதித் தந்த கணக்கு இன்னும் என் ஃப்ரிட்ஜ் கதவில இருக்கு" என்று அழைத்துச் சொன்னார். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் இருட்டில் கிடந்தோமே, அப்போது சார்ஜ் விளக்குக்கு முற்பணம் தந்துவிட்டு மூன்று கிழமை பொறுமையாகக் காத்திருந்தவர்களும் நீங்கள்தான். அதை நான் மறக்கவில்லை.

கடை வழக்கம்போல் காலை எட்டரைக்குத் திறந்திருக்கும். சந்தேகம் இருந்தால் நேரே வந்து கேளுங்கள். குரல் பதிவு போட்டவரும் வரலாம், அவர் ஃபேனுக்கு எண்ணெய் விடுகிற நேரம் வந்துவிட்டது.

இப்படிக்கு,
உங்கள் மத்திய வீதிக் கடைக்காரன்

பி.கு.: பங்குனி, சித்திரை மாதங்களில் எங்களிடம் சி.எப்.எல். குமிழ் வாங்கியவர்கள் பொதியின் லேபிளை ஒருமுறை நகத்தால் சுரண்டிப் பார்க்கவும். உரிந்து வந்தால், பற்றுச்சீட்டோடு கொண்டுவாருங்கள், எல்.இ.டி. குமிழாக மாற்றித் தருவோம். காசாகத் தர இப்போதைக்கு வசதியில்லை.